தாய்க்கும் ஒரு படுக்கை

கேமரன் மலைத் தோட்டத்தில் ஒரு குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று தெரிந்துவிட்டால், குடும்பத்தார் முதலில் கேட்பது ஆபரேஷனுக்கு எவ்வளவு வெள்ளி ஆகும் என்பதைத்தான். பெற்றோர் மலேசியக் குடிமக்களாக இருந்து, அரசாங்க மருத்துவமனை வழியாகக் குழந்தை அனுப்பப்பட்டால், இந்தக் கேள்விக்கு ஓரளவு ஆறுதலான பதில் உண்டு. செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது, மீதியைத் திரட்டவும் வழிகள் இருக்கின்றன. மருத்துவ சமூகநலப் பணியில் இருக்கும் எங்களைத் திணறவைக்கும் கேள்விகள் அதற்குப் பிறகு வருகின்றன. கோலாலம்பூரில் தாய் எங்கே படுப்பார்? எத்தனை நாள்? மலையில் விட்டுவந்த மூத்த பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது? கொழுந்து எடுக்கப் போகாத நாளின் கூலிக்கு என்ன வழி? கோப்பில் இவையெல்லாம் "குடும்பச் சூழ்நிலை" என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரியில் அடங்கிவிடும். மருத்துவக் குறிப்பு ஒரு பக்கம், குடும்பச் சூழ்நிலை இன்னொரு பக்கம் என்று பிரிப்பதே தவறு என்பது இத்தொழிலில் இருந்து நான் வந்துசேர்ந்த முடிவு. தாயின் தங்குமிடமும் சாப்பாடும் விடுப்பும் தாய்ப்பாலும் குழந்தையின் இதய சிகிச்சைக்குள் அடங்கியவை. இரக்கத்தின் பேரில் கேட்கவேண்டிய காரியமாக நான் இதைப் பார்க்கவில்லை. மருத்துவக் காரணங்களே போதுமான அளவுக்கு இருக்கின்றன.

வரைபடத்தில் கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. அதன் அன்றாடமோ பேராக் பக்கம் இறங்குகிறது. தாப்பாவுக்கு ஒரு சாலை, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு ஒரு சாலை. மாநிலத் தலைநகரான குவாந்தான் கிழக்குக் கரையில் எங்கோ இருக்கிறது. தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை ஒரு மாவட்ட மருத்துவமனை. சிக்கலான பிரசவமும் நோயுற்ற பச்சிளங்குழந்தையும் ஈப்போவுக்குப் போகவேண்டும். அங்கிருந்து குழந்தைகளின் இதய அறுவைக்கு, கோலாலம்பூரில் எல்லோரும் ஐ.ஜே.என். என்று சொல்லும் தேசிய இருதயக் கழகம், சிலாங்கூரில் செர்டாங் மருத்துவமனை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மையங்களே உள்ளன. தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை, கோலாலம்பூர் மொத்தம் 200 கிலோமீட்டர். கேட்கும்போது பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் சுங்கை பாலாஸ், ஹாபு போன்ற தோட்டங்களின் லயத்திலிருந்து பெரிய சாலைக்கு வருவதே தனிப் பயணம். மழைக்காலத்தில் மண் சரியும். பள்ளி விடுமுறையில் ஸ்ட்ராபெரித் தோட்டம் பார்க்க வருகிறவர்களின் கார்கள் வழியை அடைத்துக்கொள்ளும். மூச்சு வாங்கும் கைக்குழந்தையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு 200 கிலோமீட்டர் என்ற எண் எதையும் சொல்வதில்லை.

அப்படியானால் ஈப்போவிலோ குவாந்தானிலோ ஒரு மையம் கட்டிவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பரிசோதனைக்கும் மறுசோதனைக்கும் நிபுணர்கள் கீழே இருந்து வட்டார மருத்துவமனைகளுக்கு வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அறுவை வேறு விஷயம். உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்குத்தான் பிறவி இதயக் குறை இருக்கிறது. அவர்களிலும் ஒரு பகுதியினருக்கே கத்தி வைக்கவேண்டும். அந்தச் சிறு எண்ணிக்கையை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தால் எந்தக் குழுவின் கையும் பழகாது. ஆண்டுக்குக் குறைவான அறுவைகள் செய்யும் மையங்களில் இறப்பு கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1984 முதல் 1995 வரை நடந்த குழந்தை இதய அறுவைகளை விசாரித்து 2001இல் வெளிவந்த கென்னடி அறிக்கை, இந்தப் பாடத்தை உலகத்துக்கே எழுதிக் கொடுத்தது. ஆகவே அறுவையைச் சில இடங்களில் குவித்துவைத்தது சரியான முடிவு. ஆனால் அது மருத்துவம் எடுத்த முடிவு என்பதை மறந்துவிடக் கூடாது. குழந்தை பிழைக்கவேண்டும் என்பதற்காக மருத்துவமே தூரத்தைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்த பிறகு, அந்தத் தூரத்தின் செலவை மட்டும் கொழுந்து கிள்ளும் குடும்பத்தின் தலையில் இறக்கிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மயக்க மருந்துக்கும் இதய நுரையீரல் இயந்திரத்துக்கும் தாயிடம் காசு கேட்காத ஏற்பாடு, அந்த இயந்திரம் இருக்கும் ஊரில் அவர் உயிர்வாழ்வதற்கு மட்டும் அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்கிறது.

குழந்தை வந்தால் போதாதா, தாய் ஏன் கூடவே இருக்கவேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு இதயம் கெடும் விதத்திலேயே விடை இருக்கிறது. கீழறைகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை உள்ள குழந்தை பிறந்த அன்று நன்றாகவே இருக்கும். நுரையீரல் இரத்தக் குழாய்களின் அழுத்தம் பிறந்த சில வாரங்களில் மெல்லக் குறையும். அது குறையக் குறைய ஓட்டை வழியாக நுரையீரலுக்குப் பாயும் இரத்தம் கூடும். நாலாவது வாரம் முதல் எட்டாவது வாரத்துக்குள் இதயம் தளரத் தொடங்கும். பிரசவத்துக்குப் பிறகு சமூகத் தாதி வீடு தேடி வருவதோ முதல் இருபது நாள்களில். அதாவது மிஸ்ஸியின் வருகை நின்ற பிறகுதான் நோய் தலைகாட்டுகிறது. அப்போது அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் பால் கொடுப்பவர். இரண்டு வாய் குடித்துவிட்டுக் களைத்து விட்டுவிடும் குழந்தை, குடிக்கும்போதே வேகமாக இரைக்கும் குழந்தை, நெற்றியிலும் தலையிலும் வேர்க்கும் குழந்தை. கோலாலம்பூர் வெயிலில் வேர்வையைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 1400 மீட்டர் உயரத்தில், கம்பளி போர்த்திப் பால் கொடுக்கும் லயத்து வீட்டில், விடியற்காலையில் குழந்தையின் தலை நனைந்திருந்தால் அது கிளினிக்குக்குப் போகவேண்டிய அடையாளம். தோட்டத்தில் இதைத் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு காசு செலவில்லை. சளி, வாயு, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று கைவைத்தியத்தில் போகும் வாரங்களை அது மிச்சப்படுத்தும்.

தாயின் கண்ணை மருத்துவக் கருவியாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் மில்வாக்கியிலிருந்து வந்தது. ஒரே கீழறையை வைத்து வாழவேண்டிய குழந்தைகளுக்கு அறுவை கட்டம் கட்டமாக நடக்கும். முதல் அறுவை முடிந்து வீட்டுக்குப் போய், இரண்டாவதுக்குத் திரும்பிவரும் இடைவெளியில் பல குழந்தைகள் வீட்டிலேயே இறந்துபோனார்கள். 2000ஆம் ஆண்டு முதல் அங்கே ஒவ்வொரு பெற்றோரிடமும் ஓர் எடைத் தராசும் ஆக்சிஜன் அளக்கும் கருவியும் கொடுத்து அனுப்பினார்கள். ஆக்சிஜன் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, ஒரே நாளில் 30 கிராம் எடை குறைந்தாலோ, மூன்று நாளில் 20 கிராம்கூட ஏறாவிட்டாலோ உடனே கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் விதி. முன்பு ஏறக்குறைய ஆறில் ஒரு குழந்தையைப் பறித்த அந்த இடைவெளியில், 2003இல் வெளியான முதல் ஆய்வில் இப்படிக் கண்காணிக்கப்பட்ட 24 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. சிறிய ஆய்வுதான், ஒரு மருத்துவமனையின் அனுபவம்தான். ஆனால் பின்னர் பல மையங்கள் இம்முறையைப் பின்பற்றின. பெற்றோர் மருத்துவம் படித்தவர்களாக இருக்கவேண்டியதில்லை. தராசு வேண்டும், விதி தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், கூப்பிட்டால் எடுக்கிற ஒரு தொலைபேசி எண் வேண்டும். வார்டில் குழந்தை இருக்கும் நாள்களில் தாயும் கூட இருந்தால்தான் இதையெல்லாம் கற்றுக்கொடுக்க முடியும். வீட்டுக்குப் போகும் நாளன்று அரைமணி நேரத்தில், மருந்துப் பையோடு சேர்த்துக் கையில் திணிக்கும் காரியம் அல்ல இது.

பாலும் எடையும் என் பார்வையில் இந்த வாதத்தின் முதுகெலும்பு. இதயம் தளர்ந்த குழந்தை மூச்சுவிடுவதற்கே தன் சக்தியைச் செலவழிக்கிறது. நல்ல குழந்தைக்குத் தேவைப்படுவதைவிட அதற்குக் கலோரி அதிகம் தேவை. கிலோவுக்கு 120 முதல் 150 வரை என்பது வழக்கமான இலக்கு. ஆனால் குடிக்கும் வலு அதற்குக் குறைவு. அரைமணிக்கு மேல் உறிஞ்சவைத்தால் குடித்ததைவிடச் செலவழித்தது கூடிவிடும். ஆகவே கொஞ்சம் மார்பில், மீதியை மூக்குக்குழாய் வழியாக, தேவையானால் பிழிந்த பாலில் சக்தியூட்டும் மாவு கலந்து, மூன்று மணிக்கொரு தடவை. தாய் பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும். பிரசவமானதும் குழந்தை மட்டும் ஆம்புலன்சில் இறங்கிப்போய், வயிற்றைக் கிழித்துப் பிரசவித்த தாய் இன்னொரு மருத்துவமனையில் படுத்திருக்கும் நிலைமை அடிக்கடி வருகிறது. அந்த நாள்களில் யாராவது அவரிடம் பால் பிழியச் சொல்லவேண்டும், ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது. சொல்லாவிட்டால் பத்தாம் நாள் அவர் கீழே வந்து சேரும்போது பால் வற்றியிருக்கும். அறுவைக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு நெஞ்சுக்குள் கொழுப்புத் திரவம் தேங்கும். அப்போது சில வாரங்களுக்குச் சாதாரணத் தாய்ப்பாலும் கூடாது. "உன் பால் இப்போது வேண்டாம்" என்று மட்டும் ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், தன் பால்தான் குழந்தையைக் கெடுத்தது என்று தாய் புரிந்துகொள்வார். பிழிந்து உறையவைத்துக்கொண்டே இருங்கள், திரும்பத் தேவைப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர் சொன்னபடி செய்யவேண்டுமானால் ஒரு குளிர்பெட்டியும் பால் பிழியும் இயந்திரமும், ஊட்டமான சாப்பாடும், முதுகு நீட்டிப் படுக்க ஓர் இடமும் வேண்டும். பச்சை உடம்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கி, கேண்டீனில் ஒரு வேளை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும் ஒருவரிடம் பால் சுரக்கவில்லையே என்று கேட்பது அநியாயம். பத்தியக் குழம்பும் பூண்டும் கருவாடும் கொண்டுவந்து கொடுக்க மலையில் அம்மாவோ மாமியாரோ இருப்பார்கள். நகரத்தில் அந்த வேலையை யாரேனும் ஏற்கவேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெற்ற தாதிகள் இருக்கும்போது தாய் இடைஞ்சல்தானே, தொற்று வராதா என்று கேட்பார்கள். ஒரு பகுதி உண்மை. நெஞ்சைத் திறந்த முதல் சில மணிநேரம், குழாய் மாற்றும் நேரம், திடீரென்று நிலை மோசமாகும் நேரம் ஆகியவற்றில் தாய் வெளியே இருப்பதே அவருக்கும் குழந்தைக்கும் நல்லது. அந்த நேரங்களைத் தாண்டியும் அவரை வெளியே நிறுத்துவது பழைய பழக்கத்தின் மிச்சம். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920களிலேயே தாய்மாரைக் குழந்தைகளோடு சேர்த்து மருத்துவமனையில் அனுமதித்தார். அவர் சொன்னது பொதுவிதியாக முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1959இல் பிளாட் குழு, பார்வை நேரக் கட்டுப்பாட்டை எடுக்கவும் தாய்மாருக்குத் தங்க இடம் தரவும் பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைத்தது. பிற்காலத்தில் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 26 பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ஒரு பெரிய பரிசோதனை நடந்து 2018இல் வெளியானது. பெற்றோரையே பராமரிப்புக் குழுவில் சேர்த்துக்கொண்ட இடங்களில் குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியது, தாய்ப்பால் ஊட்டுவது அதிகரித்தது, பெற்றோரின் மன அழுத்தம் குறைந்தது. அவர்கள் குறைமாதக் குழந்தைகள், இதயக் குழந்தைகள் அல்லர் என்பதைச் சொல்லியாகவேண்டும். இருந்தாலும் எடை ஏறினால்தான் கத்தி வைக்கலாம் என்று காத்திருக்கும் ஒரு நோயில் இந்த முடிவை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டு உதாரணங்கள் நம் நாட்டுக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை. கோலாலம்பூருக்கு வடக்கே கோம்பாக்கில், 1950களின் பிற்பகுதியில் ஓராங் அஸ்லி மக்களுக்கென்று ஒரு மருத்துவமனை எழுந்தது. மால்கம் போல்ட்டன் என்ற மருத்துவர் வளர்த்தெடுத்த அந்தச் சேவை, காட்டிலிருந்து நோயாளியை மட்டும் கொண்டுவந்தால் அவர் தங்கமாட்டார் என்பதை ஆரம்பத்திலேயே உணர்ந்துகொண்டது. குடும்பமும் கூடவே வந்து தங்கலாம், சமைத்துச் சாப்பிடலாம், குணமான பிறகு சேர்ந்தே திரும்பலாம். கேமரன் மலையின் செமாய் மக்களுக்கும் பழக்கமான பெயர் கோம்பாக். ஒரு சமூகத்துக்கு மருத்துவம் போய்ச் சேரவேண்டுமென்றால் அதன் குடும்ப அமைப்போடு சேர்த்தே அழைத்துவர வேண்டும் என்று மலேசிய மருத்துவம் அறுபது ஆண்டுக்கு முன்பே முடிவுசெய்திருக்கிறது. தோட்டத்துத் தாய்க்கும் அதே தர்க்கத்தை நீட்டினால் போதும்.

இனி, எனக்குக் கனமாகப்படும் மறுப்பு. அறுவைக்கே காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது. தங்குமிடத்துக்குப் போகும் ஒவ்வொரு வெள்ளியும் இன்னொரு குழந்தையின் அறுவையிலிருந்து எடுக்கப்பட்டது அல்லவா? பட்டியல் எங்கே அடைபடுகிறது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். பெரும்பாலும் அடைபடுவது அறுவை மேசையில் அல்ல, அறுவைக்குப் பிந்தைய தீவிர சிகிச்சைப் படுக்கையில். அந்தப் படுக்கையைச் சீக்கிரம் காலி செய்ய, குழந்தை சாதாரண வார்டுக்கும் பிறகு வீட்டுக்கும் நகரவேண்டும். குழாய்வழி ஊட்டத் தெரிந்த, மருந்தளவு தெரிந்த தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் குழந்தை நகராது. மலைக்கே திருப்பி அனுப்ப இன்னும் துணிவில்லை, வெளியே தங்க இடமில்லை என்பதற்காக மட்டும் ஒரு குழந்தை வார்டில் கிடக்கும் நாள்கள், வரிசையில் நிற்கும் அடுத்த குழந்தையின் நாள்கள். அதேபோல, தேதி கொடுத்த அன்று சளிக்காய்ச்சலோடு வந்தாலோ எடை போதாமல் வந்தாலோ, வண்டி கிடைக்காமல் வரவே முடியாமல் போனாலோ ஓர் அறுவை நேரமே வீணாகிறது. மருத்துவமனைக்கு அருகில் ஒரு தாய் தங்கும் அறையின் செலவை, தீவிர சிகிச்சைப் படுக்கையின் ஒரு நாள் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் கணக்காளருக்கும் அதிக நேரம் பிடிக்காது. 1974இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்ததிலிருந்து, குழந்தை மருத்துவமனைகளின் பக்கத்தில் குடும்ப இல்லம் அமைப்பது பல நாடுகளில் நடைமுறையாகிவிட்டது.

உறவுக்காரர்கள் கோலாலம்பூரில் இல்லாத தோட்டக் குடும்பம் ஏது என்று சொல்லிவிடுவது எளிது. உண்மைதான், தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் போகாத வீடு இல்லை. முதல் வாரம் சித்தி வீடு திறந்தே இருக்கும். மூன்றாவது வாரத்தில், இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில், பள்ளிக்குப் போய்ச் சளியோடு வரும் பிள்ளைகள் நடுவே, நெஞ்சில் தையலோடு ஒரு குழந்தையை வைத்திருப்பது எல்லாருக்கும் சங்கடம். அந்த வீடு கிள்ளானிலோ ரவாங்கிலோ இருந்தால் தினமும் போய்வரவே பாதி நாள் போகும். உறவை நம்பித் திட்டம் போடலாம். உறவை மட்டுமே நம்பிப் போடக்கூடாது.

வேலை விடுப்புக் கணக்கைத் தனியாகப் பார்க்கவேண்டும். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் 7 நாள் கிடைத்தது. வரவேற்கவேண்டிய மாற்றம். ஆனால் 98 நாள் என்பது பதினான்கு வாரம். பெரிய ஓட்டையை மூடும் அறுவை பெரும்பாலும் மூன்றாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் நடுவில்தான் வரும். விடுப்பு தீரும் வாரமும் அறுவைத் தேதி வரும் வாரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதற்குப் பிறகு கையில் இருப்பது ஆண்டு விடுப்பு. சட்டம் தரும் குறைந்தபட்சம், இரண்டு ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், ஐந்து ஆண்டைத் தாண்டியவருக்கு 16 நாள். தோட்டத்தில் தாயும் தந்தையும் ஒரே நிர்வாகத்தில் வேலை செய்வது சகஜம் என்பதால் இருவர் கூலியும் ஒன்றாக நிற்கும், வீடும் நிர்வாகத்தின் வீடாக இருக்கும். இதையெல்லாம் முதலாளி ஏன் சுமக்கவேண்டும் என்று கேட்கலாம். தோட்டத் தொழில் இப்படிப்பட்ட சுமையைத் தன் கணக்கில் ஏற்பது புதிது அல்ல. மருத்துவ வசதியும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு சொன்னது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அது நடப்பில் இருந்த சட்டம். ஆயாக் கொட்டகை தோட்ட வாழ்க்கையின் அங்கமாகவே இருந்தது. இதய அறுவைக்குப் போகும் பெற்றோரில் ஒருவருக்குச் சில வாரம் வேலை உறுதியோடு விடுப்பு என்பது அந்த மரபின் அடுத்த படி. இதற்கு ஆகும் செலவும் அதிகம் இராது, ஏனென்றால் இந்தக் குழந்தைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஒரு காகிதம் இல்லாததால் எல்லாம் நின்றுபோவது உண்டு. தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் பதியவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அலையும் குடும்பம் அதை மறந்துவிடுகிறது. கோயிலில் தாலி கட்டி, பதிவுசெய்யாமல் விட்ட திருமணங்கள் தோட்டங்களில் இன்றும் உண்டு. அங்கே தாய்க்குக் குடியுரிமைச் சிக்கல் இருந்தால் அது குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும், கட்டணம் வெளிநாட்டவருக்கு உரிய அளவுக்கு ஏறும். இன்னொரு பாரமும் உண்டு. கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள் என்று தாயைக் குறைசொல்லும் வாய்கள் ஊரில் நிறைய. குழந்தையின் இதயம் கருவில் முதல் எட்டு வாரத்துக்குள் உருவாகிவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று உறுதியாகும் நேரத்தில் அந்த வேலை பாதி முடிந்திருக்கும். ருபெல்லா, கட்டுக்குள் வராத நீரிழிவு, சில மருந்துகள், மரபணு மாற்றங்கள் போன்ற தெரிந்த காரணங்கள் சில உண்டு. பெரும்பாலான குழந்தைகளில் இன்னதுதான் காரணம் என்று எந்த மருத்துவராலும் கைகாட்ட முடியாது. இதைத் தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. மாமியாரும் கணவரும் இருக்கும்போது, தமிழில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வாயால் சொல்லவேண்டும்.

நடைமுறையில் நான் கேட்பது, குழந்தையை மலையிலிருந்து அனுப்பும் கடிதத்திலேயே தாய்க்கென்று ஒரு பகுதி வேண்டும் என்பது. தாய் எங்கே தங்குவார், யார் ஏற்பாடு, பால் பிழிகிறாரா, மூத்த பிள்ளைகள் யாரிடம், பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் போனதா. வீட்டுக்கு அனுப்பும்போது அதே தாள் தானா ராத்தாவுக்குத் திரும்பவேண்டும். தண்ணீர் மாத்திரையும் கேப்டோப்ரிலும் குழந்தையின் எடைக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கும் அளவை மலையிலுள்ள மருந்தகம் அறிந்திருக்க வேண்டும். வீட்டில் சாம்பிராணிப் புகையும் சிகரெட்டும் கூடாது என்பதைச் சமூகத் தாதி லயத்துக்கே வந்து பார்த்துச் சொல்லவேண்டும். மறுசோதனைக்குக் காலை எட்டு மணி என்று சீட்டு எழுதினால், தாய் நள்ளிரவுக்குப் பிறகு மலையிறங்க வேண்டும் அல்லது முந்தின இரவு எங்கேயாவது படுக்கவேண்டும். கேமரன் மலை முகவரி உள்ளவருக்குப் பதினோரு மணிக்கு மேல் நேரம் கொடுக்கலாம். எதிரொலிப் பரிசோதனையையும் மருத்துவரைப் பார்ப்பதையும் ஒரே நாளில் வைக்கலாம். இவை இரண்டுக்கும் அமைச்சின் ஒப்புதலோ தனி நிதியோ தேவையில்லை. சீட்டு எழுதும் முகப்பில் இருப்பவருக்கு ஒருமுறை சொன்னால் நாளையே தொடங்கலாம்.